பூண்டிப் பக்கம் இழுக்கிற வண்டி

பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். கவுஞ்சி ஊர்க்காரன் செல்வமுருகன், கொடைக்கானல் பஜாரில் விதைக்கடை வைத்திருக்கும் பதுருன்னிசாவுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அது. அவரிடம் ஒரு பழைய டில்லரை வாங்கினான், அதில் நின்றுபோன மிச்சம். ஐப்பசி முடிவதற்குள் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. கொடுக்கவில்லையென்றால் வண்டி கடைக்கே திரும்பப் போய்விடும். வண்டி போய்விட்டால் செல்வமுருகன் மறுபடி கேரட் மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான். அவன் முதுகு அதற்கு இனிமேல் ஆகாது என்பது அவனுக்கும் தெரியும், அவன் பெண்டாட்டி பாண்டிச்செல்விக்கு அதைவிட நன்றாகவே தெரியும். ராத்திரி தைலம் தேய்க்கிறவள் அவள்தானே.

வண்டியை விற்கிற அன்று பதுருன்னிசா கடை வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னார். பேரம் பேசி முடித்து, டில்லரின் கைப்பிடி மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

"என் வாசலை விட்டு எறங்கும்போதே இதுல கோளாறு இருந்துச்சுன்னு தெரிஞ்சா மிச்சத்தைக் கேக்க மாட்டேன். உன் கைக்கு வந்தப்புறம் வந்த கோளாறுன்னா ஒத்த ரூபா கொறைக்க மாட்டேன். சரியா?"

சரிங்க பாயம்மா என்று இவனும் தலையாட்டினான். அப்போது அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி அவ்வளவு நன்றாக இருந்தது. பக்கத்து ஊர் பூண்டியில் குமாரவேல் என்கிறவர் பதினோரு வருஷம் ஓட்டியது. அவருக்கு முட்டி போய்விட்டது, வண்டிக்குப் பின்னால் நடக்க முடியவில்லை, அதனால் கொடுத்துவிட்டார். பெயின்ட் கூட முக்கால்வாசி அப்படியே இருந்தது. துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டி.

டில்லர் ஓட்டுவதென்றால் டிராக்டர் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டுவதில்லை. முன்னால் இஞ்சின், கீழே ரெண்டு சக்கரம், பின்னால் நீளமாய் ரெண்டு கைப்பிடி. பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். வளைக்கிறதுக்கு வட்டச் சக்கரமும் கிடையாது. கைப்பிடிக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாய், கொக்கி மாதிரி ரெண்டு பிடி இருக்கும். இடப்பிடியை இழுத்தால் இடது சக்கரத்துக்கு இஞ்சினின் வேகம் போகாது. வலது சக்கரம் மட்டும் ஓடும், வண்டி இடப்பக்கம் திரும்பும். வலப்பிடியை இழுத்தால் வலப்பக்கம். அவ்வளவுதான் வித்தை. அது தெரிந்தவன் மலையில் அடுக்கடுக்காய் வெட்டின எந்த வயலிலும் உழுதுவிடலாம்.

அப்படித்தான் அவனும் நினைத்திருந்தான். ஆவணி, புரட்டாசி எல்லாம் கூலிக்கு உழுகிற சின்னச் சின்ன சோலியாய்ப் போனது. அப்போதே வண்டி லேசாய் ஒரு பக்கமாய் இழுத்தது, ஆனால் அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொள்ளாததற்குக் காரணம் உண்டு. செல்வமுருகன் பாதித் தூக்கத்தில் உழுகிறவன். சிரிக்கக் கூடாது, மலையில் உழுகிறவனுக்கு அது தெரியும். வெள்ளனே எழுந்து வயலுக்குப் போனால் பனி முழங்கால் வரை நிற்கும். அதற்கு மேல் மஞ்சு. எதிர் அடுக்கு தெரியாது, வரப்பு தெரியாது, சில நேரம் வண்டியின் மூக்கே தெரியாது. இஞ்சின் டுப்பு டுப்பு என்று ஒரே மாதிரி அடித்துக்கொண்டிருக்கும். கைப்பிடி வழியாக அந்த அதிர்வு கைக்குள் ஏறி, தோளுக்கு வந்து, நெஞ்சுக்குள் இறங்கி, நம்முடைய நெஞ்சு அடிக்கிறதா வண்டி அடிக்கிறதா என்று தெரியாமல் போகும். ஈரமண் புரளுகிற வாசம் ஒரு பக்கம், தைல மரத்து வாசம் ஒரு பக்கம். கால் தன்பாட்டுக்கு நடக்கும். கண் திறந்தே இருக்கும், ஆனால் அவன் அங்கே இருக்க மாட்டான்.

அப்படி நடக்கிற வேளையில்தான் அவனுக்கு ஒரு நினைப்பு வந்தது. நான் வண்டியை நடத்தவில்லை, வண்டிதான் என்னை எங்கேயோ கூட்டிக்கொண்டு போகிறது.

மேல் அடுக்குகளுக்குப் போகிற பாதை செங்குத்தானது. ஒருநாள் அதில் ஏறும்போது வண்டி வலப்பக்கமாய் இழுத்தது. வலப்பக்கம் பூண்டி இருக்கிற பக்கம். சாயங்காலம் அதே பாதையில் இறங்கினான். இப்போது வண்டி இடப்பக்கமாய் இழுத்தது. அவன் நின்று யோசித்துப் பார்த்தான். ஏறும்போது வலக்கைப் பக்கம் எதுவோ, இறங்கும்போது இடக்கைப் பக்கம் அதுதான். இரண்டு தடவையும் வண்டி பூண்டியைப் பார்த்துத்தான் இழுத்திருக்கிறது.

மறுநாளும் பார்த்தான். அதே மாதிரி. ஏறினாலும் பூண்டி, இறங்கினாலும் பூண்டி.

வீட்டில் வந்து சொன்னான். பாண்டிச்செல்வி அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதுக்கு அங்கன ஒரு குடும்பம் இருக்குமா இருக்கும். ரெண்டாந்தாரமா வந்த வண்டி, மொத வீட்டை நெனைக்காம இருக்குமா?"

"நான் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு சொல்ற."

"பொய்யா சொல்றேன்? என்னைக் கூட்டியாந்தப்ப நானும் ஆறு மாசம் எங்க ஊரு மன்னவனூர்ப் பக்கமே திரும்பி உக்காந்துதான் சோறு தின்னேன். நீங்க கவனிச்சீங்களா? இல்லல்ல. வண்டியவாவது கவனிங்க."

சிரித்துவிட்டுப் படுத்தான். ஆனால் கனவில் வண்டி வந்தது. ஆளில்லாமல், இஞ்சின் சத்தமே இல்லாமல், மஞ்சுக்குள் பூண்டி ரோட்டில் நடந்து போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் நின்று, பசு மாதிரி மூச்சு விட்டு, பிறகு நடந்தது. அவன் பின்னாலேயே போனான். கூப்பிட வாய் வரவில்லை.

ஐப்பசி பிறந்தது. மலைப்பூண்டு ஊன்றுகிற பருவம். டில்லர் வைத்திருக்கிறவனுக்கு வருஷத்தில் நாலு காசு நிற்கிற நாட்கள் இதுதான். முதல் வாரம் வேல்ராஜ் வயலில் வரப்பு ஒரு இடத்தில் உடைந்தது. வண்டி வலப்பக்கம் இழுத்ததில் சக்கரம் விளிம்பை மிதித்துவிட்டது. வேல்ராஜ் கல்லை எடுத்து வைத்துத் தானே வரப்பை அடைத்துக்கொண்டான். அதற்கடுத்து காளியாயியின் வயல். காளியாயி வயசானவள், மூன்று அடுக்கு வைத்திருக்கிறாள், வாய் கொஞ்சம் நீளம். மேல் அடுக்கில் விளிம்பை ஒட்டி உழுதுகொண்டு வந்தான். விளிம்பு எப்போதும் அவனுக்கு வலக்கைப் பக்கம்தான் வரும். கவுஞ்சியில் டில்லர் ஓட்டுகிற எல்லோரும் இடமாகத்தான் சுற்றுவார்கள். வலக்கை இஞ்சின் வேகத்தைக் கூட்டுகிற பிடியில் இருக்கும், இடக்கை சும்மா இருக்கும், அதனால் இடப்பிடியை இழுத்து இழுத்து இடப்பக்கமே திரும்பி வருவது லேசு.

மஞ்சு அடர்ந்திருந்தது. வண்டி வலப்பக்கம் இழுத்தது. இழுத்துப் பிடித்தான். இன்னும் இழுத்தது. சின்னப்பிள்ளை கையைப் பிடித்து வா வா என்று இழுக்கிற மாதிரி. சரி, வா என்று அவன் கையும் ஒரு நொடி விட்டுக்கொடுத்துவிட்டதோ என்னவோ. வலது சக்கரத்துக்குக் கீழே மண் சரிந்தது. அவன் கைப்பிடியை விட்டுப் பின்னால் துள்ளினான். வண்டி மெதுவாய்ச் சாய்ந்து, கீழ் அடுக்கில் காளியாயியின் கேரட் பாத்தி மேல் படுத்துக்கொண்டது. படுத்த பிறகும் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

யாருக்கும் அடி இல்லை. கேரட்டுதான் போனது. ஆனால் காளியாயி வாய் அன்று முழுக்க மூடவில்லை. செல்வமுருகன் வண்டிக்குப் பேய் பிடித்திருக்கிறது, பூண்டிப் பேய், அதைத் தன் வயலில் ஏற்றினது தன் தப்பு என்று டீக்கடை வரைக்கும் சொல்லிவிட்டு வந்தாள். சாயங்காலத்துக்குள் நாலு பேர் வந்து, நாளைக்கு வர வேண்டாம், பிறகு சொல்கிறோம் என்று பட்டும் படாமல் சொல்லிப் போனார்கள். பிறகு சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியாதா.

வண்டி வீட்டு முன்னால் நின்றது. மூக்கு பூண்டிப் பக்கம் பார்த்து.

அவன் தனக்குத் தெரிந்ததையெல்லாம் பார்த்தான். முதலில் காற்று. ஒரு சக்கரத்தில் காற்று குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். பைக் பம்பை வைத்து அடித்து ரெண்டையும் ஒன்றாக்கினான். இழுத்தது. பிறகு டயரே தேய்ந்திருக்கும் என்று வலது சக்கரத்தைக் கழற்றி இடப்பக்கமும், இடது சக்கரத்தை வலப்பக்கமும் மாட்டினான். டயர் கோளாறென்றால் இப்போது இடப்பக்கம் இழுக்க வேண்டும். இழுக்கவில்லை. பழையபடி அதே பக்கம். பிடியிலிருந்து கீழே போகிற கேபிளைப் பார்த்தான். இறுக்கமாய் இருந்தால் பிடி எப்போதும் பாதி இழுத்த மாதிரி நிற்கும். இல்லை, தொய்வு சரியாகத்தான் இருந்தது. பாண்டிச்செல்வி ஸ்பானரை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க அவன் முகம் தொங்கிப்போனது.

"எதுவுமே கெடலைன்னா சந்தோசப்படணும். நீங்க என்ன எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கீக" என்றாள்.

எதுவும் கெடவில்லையென்றால் கெட்டது அவன் கைதானே. அதுதான் அவனுக்கு வந்த பயம். ஊரும் அதைத்தான் சொல்லும், பாயம்மாவும் அதைத்தான் சொல்லுவார்.

வத்தலக்குண்டில் சக்திவேல் என்று ஒரு மெக்கானிக். டில்லர் வேலையில் பழுத்த ஆள். அவருக்குப் போன் போட வேண்டுமென்றால் சர்ச்சுக்கு மேலே தைல மரத்தடிப் பாறைக்குப் போக வேண்டும், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். மத்தியானம் ஏறிப்போய் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னான். காற்று, டயர், கேபிள், எல்லாம். பூண்டிக் கதையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னான். ஏறினாலும் பூண்டிப் பக்கம் இழுக்குது, இறங்கினாலும் பூண்டிப் பக்கமே இழுக்குது அண்ணே.

 அந்தப் பக்கம் சக்திவேல் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, பிடிபட்ட சிரிப்பு.

"ஏப்பா, ஊர் பேரை விடு. கைப் பக்கம் சொல்லு. ஏத்தத்துல எந்தக் கை?"

"வலக்கைண்ணே."

"எறக்கத்துல?"

"இடக்கை."

"அப்ப டயரு கேபிளுன்னு ஏன் கெடந்து சாகுற? டயருன்னா ஏறுனாலும் எறங்குனாலும் ஒரே கைப் பக்கம்ல இழுக்கணும். எறக்கத்துல நீ வளைக்கணும்னா எந்தப் பிடியை இழுப்ப?"

அது மலையில் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்தது. இறக்கத்தில் பிடி தலைகீழாய் வேலை செய்யும். வலப்பிடியை இழுத்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். ஏனென்றால் ஏற்றத்தில் இஞ்சின்தான் சக்கரத்தை இழுத்துப் போகிறது, வலப்பக்கம் விட்டுப்போனால் வலது சக்கரம் பின்தங்கும். இறக்கத்தில் வண்டி தானாய் உருளப் பார்க்கும், இஞ்சின் பிடித்து நிறுத்தும். அங்கே வலப்பக்கம் விட்டுப்போனால் வலது சக்கரம் முந்திக்கொண்டு ஓடும். புதிதாய் ஓட்டுகிறவன் இது தெரியாமல்தான் ஓடையில் விழுவான். செல்வமுருகனின் கைக்கு இது எப்போதோ தெரியும். கைக்குத் தெரிந்தது தலைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"நீ இழுக்காமலே உன் வலப்பிடியை யாரோ இழுத்துக்கிட்டே இருக்காங்க" என்றார் சக்திவேல். உள்ளே கியர்ப் பெட்டியில், வலது சக்கரத்துக்கு இஞ்சினைக் கோர்க்கிற பல் தேய்ந்திருக்கும், பாரம் ஏறினால் வழுக்கி விட்டுவிடும், திறந்து பார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பாறையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். கீழே மேகம் ஊரை மூடிக்கொண்டு வந்தது. கோளாறு இன்னதென்று தெரிந்ததில் சந்தோசம்தான். ஆனால் என்னவோ ஒன்று குறைந்த மாதிரியும் இருந்தது. வண்டி பூண்டியை நினைத்து அழவில்லை. ஒரு பல் தேய்ந்திருக்கிறது. அவ்வளவுதானா என்று இருந்தது.

மறுநாள் சாக்கை விரித்து, கியர் ஆயிலை வடித்து, பெட்டியைத் திறந்தார்கள். இடப்பக்கத்துப் பல் மூலை மூலையாய், கத்தி மாதிரி நின்றது. வலப்பக்கத்தது சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி உருண்டு வழவழவென்று இருந்தது. பாண்டிச்செல்வி விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதைத் தின்னது யாரு?" என்றாள்.

அதுதான் கேள்வி. அவன் போனில் படம் எடுத்துக்கொண்டு, பெட்டியை மூடி, பாறைக்கு ஏறிப் பதுருன்னிசாவிடம் பேசினான். அவர் பொறுமையாய்க் கேட்டார். கேட்டுவிட்டு, வண்டி உன் கையில் மூணு மாசமாய் இருக்கிறதே, அந்தப் பல்லை நீ தேய்க்கவில்லை என்று எப்படிச் சொல்கிறாய் என்றார். நான் வலப்பிடியைத் தொடுவதே இல்லை பாயம்மா, நாங்கள் எல்லாம் இடமாய்ச் சுத்துகிறவர்கள் என்றான். உழும்போது யார் வந்து உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அவர் கேட்டார். கோபமாய்க் கேட்கவில்லை. நியாயத்துக்குக் கேட்டார். அவரும் அந்த வண்டி பூண்டியில் ஓடியதை நேரில் நின்று பார்த்துத்தான் வாங்கியிருந்தார். தேர் மாதிரி ஓடுச்சு செல்வம், என் கண்ணால பார்த்தேன் என்றார்.

கடைசியில், குமாரவேலிடமே போய்க் கேட்போம், அந்த வண்டியின் கதை அவருக்குத்தான் தெரியும் என்று முடிவாயிற்று. கேரட் ஏற்ற வருகிற வேனில் பதுருன்னிசா கவுஞ்சிக்கு வந்தார். தலையில் முக்காடு, அதற்கு மேல் கம்பளி, கையில் ஒரு குடை. வண்டியை வேனில் ஏற்றினார்கள். பாண்டிச்செல்வி வாசலில் நின்று, மாமியார் வீட்டுக்குப் போகிற பிள்ளையை அனுப்புகிற மாதிரி டில்லரின் இஞ்சின் மூடியைத் துணியால் துடைத்துவிட்டாள்.

"நல்லபடியா பேசிட்டு வாங்க. அங்கயே தங்கிறப் போகுது" என்றாள். வண்டியைத்தான் சொன்னாள்.

பூண்டியில் குமாரவேல் வீட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி. வருஷா வருஷம் பழனிக்கு நடந்தே போன கால், இப்போது முட்டியில் துணி சுற்றி நீட்டிக் கிடந்தது. வேனில் வண்டியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். கோளாறு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"என் வண்டில கோளாறா? பதினோரு வருசத்துல ஒரு வரப்பு உடைச்சதில்ல அது. நம்ம வயலுக்குக் கொண்டு வாங்க, பாத்துருவோம்."

வயல் அவர் வீட்டுக்குக் கீழேயே இருந்தது. அந்தப் பருவத்துக்கு இன்னும் உழாமல் கிடந்தது. மஞ்சு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. குமாரவேல் குச்சியை ஊன்றி வந்து ஓரமாய் நின்றார். அவரால் நடக்க முடியாது, செல்வமுருகனே ஓட்டட்டும், ஆனால் நான் சொல்கிறபடி ஓட்டட்டும் என்றார். எந்த மூலையில் தொடங்க வேண்டும், எந்தப் பக்கமாய்ப் போக வேண்டும் என்று குச்சியால் காட்டினார். விளிம்பு அவனுக்கு இடக்கைப் பக்கம் வந்தது. இப்படி அவன் ஒரு நாளும் உழுததில்லை. கை பழகாமல் கூச்சமாய் இருந்தது.

இஞ்சினைப் போட்டான். டுப்பு டுப்பு என்று பூண்டி மஞ்சுக்குள் அது அடித்தது. கலப்பை மண்ணில் இறங்கியது.

வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. ஆனால் இங்கே வலப்பக்கம் வயலின் நடு. விளிம்பை விட்டு விலகி, உள்பக்கமாய், குளத்தில் மீன் திரும்புகிற மாதிரி அது திரும்பியது. மூலை வந்தது. வலப்பிடியில் ஒரு விரலை வைத்தான், அவ்வளவுதான், வண்டி தானாய் வளைந்தது. அடுத்த மூலை. அவன் கை வேலை செய்வதை நிறுத்திவிட்டது. முதுகு வலிக்கவில்லை. மண் விரிந்து விரிந்து கொடுத்தது. ஓரத்தில் நிற்கிற ரெண்டு பேரும் மஞ்சுக்குள் ஒருதடவை தெரிந்தார்கள், ஒருதடவை மறைந்தார்கள். கனவில் பார்த்த அதே நடை. இதைத்தான் இது தேடிக்கொண்டிருந்தது என்று நினைத்தான். எத்தனை சுற்று வந்தான் என்று அவனுக்குத் தெரியாது. தூங்கினானா என்றும் தெரியாது.

பதுருன்னிசா கை காட்டியபோதுதான் நிறுத்தினான்.

"இதுல என்ன கோளாறுப்பா?" என்று கேட்டார். மெதுவாய்த்தான் கேட்டார்.  வண்டி அவனைக் கவிழ்த்துவிட்டது. காளியாயி வயலில் கவிழ்த்ததைவிடப் பெரிதாய்.

அவன் குமாரவேலைப் பார்த்தான். எப்போதும் இப்படித்தான் சுத்துவீங்களாண்ணே என்று கேட்டான். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

"வேற எப்படிச் சுத்துறது? கோயிலை வலமாத்தான வர்றோம். இதுவும் கும்புடுற மண்ணுதான. எங்க அப்பாரு மாட்டைப் பூட்டுனப்பவும் வலம்தான், நான் டில்லரு வாங்குனப்பவும் வலம்தான்."

 பல்லைத் தின்றது யார் என்று செல்வமுருகனுக்கு இப்போது தெரிந்துவிட்டது. ஒவ்வொரு மூலையிலும் வலப்பிடி, வலப்பிடி, வலப்பிடி. பதினோரு வருஷ வலம். தேய்ந்த பல் இவர் நிலத்தில் இவருக்குத் துணைதான் செய்திருக்கிறது, வளைகிற பக்கமே வளைத்துக் கொடுத்திருக்கிறது. அதனால்தான் இவருக்கும் தெரியவில்லை, வாங்கினவருக்கும் தெரியவில்லை. இடமாய்ச் சுற்றுகிற ஊருக்குப் போனதும்தான் அது விளிம்பைப் பார்த்து இழுத்தது.

இதைச் சொன்னால் மட்டும் போதாது, பதுருன்னிசா கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சுற்று போதும்.

"அண்ணே, ஒரே ஒரு சுத்து இடப்பக்கமா வந்து காட்டிடுறேன். இழுக்குறதைப் பாயம்மா பாக்கட்டும்."

குமாரவேல் குச்சியைக் குறுக்கே நீட்டினார்.

"வேணாம்ப்பா."

"ஒரு சுத்துதாண்ணே. அப்புறம் நானே வலமா உழுது மூடிடுறேன்."

"இடஞ்சுத்து எழவுக்குச் சுத்துற சுத்து. உங்க ஊர்ல எப்படியோ சுத்திக்கங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சோறு போடுற மண்ணுல என் கண்ணு முன்னால வேணாம்."

வலுவாய்ச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். செல்வமுருகன் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றான். ஒரு சுற்று. அந்த ஒரு சுற்றில்தான் பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாயும் அவன் முதுகும் இருந்தது. வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, பிடியை இழுத்தால் கிழவர் என்ன ஓடிவந்து மறிக்கவா போகிறார். ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்த மண் அவன் காலுக்குக் கொடுத்த நடை இன்னும் காலில் இருந்தது. அவன் கை இஞ்சினை அணைத்தது.

சத்தம் நின்றதும் மஞ்சு இன்னும் கிட்டே வந்த மாதிரி இருந்தது. எங்கேயோ தண்ணீர் சொட்டியது. சரிண்ணே என்றான்.  மூட்டைக்கார சங்கத்தில் மறுபடி பெயர் சேர்ப்பார்களா என்று யோசித்தான்.

பதுருன்னிசா குடையை ஊன்றிக்கொண்டு உழுத மண்ணில் இறங்கி வந்தார். குமாரவேல் முன்னால் நின்றார்.

"அண்ணே, மழை வந்துருச்சு, அவசரம்னு வைங்க. அப்பக்கூட ஒரு நாளும் இடப்பக்கமா திருப்புனதில்லையா?"

"இல்லம்மா. தப்பித் திருப்பிட்டாலும் நிறுத்தி, பின்னால எடுத்து, திரும்ப வலமாத்தான் வருவேன்."

பதுருன்னிசா திரும்பி அந்த உழவைப் பார்த்தார். சுற்றுச் சுற்றாய், நடுவைப் பார்த்துச் சுருண்டு கிடந்தது. பிறகு செல்வமுருகனிடம் போனைக் கேட்டு வாங்கி, அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கூரான பல்லை ஒருதரம், வழவழத்த பல்லை ஒருதரம்.

"நீ சுத்திக் காட்ட வேணாம் செல்வம்" என்றார். "ஒத்தச் சுத்துக்கே விடாத மனுசன் பதினோரு வருசத்துல எந்தப் பிடியை இழுத்திருப்பாருன்னு இனிமே யாருகிட்டக் கேக்கணும்? என் கடைக்கு வரும்போதே இந்தப் பல்லு தீந்துதான் வந்திருக்கு."

குமாரவேலின் முகம் சுருங்கிப்போனது. "அப்ப நான் கெட்ட வண்டியையாம்மா உங்க தலையில கட்டிட்டேன்?"

"நீங்க குடுத்தது நல்ல வண்டி. நான்தான் அதைச் சுத்து மாத்தி வித்துட்டேன்."

கிழவர் நொண்டி நொண்டி வந்து டில்லரின் கைப்பிடியைத் தடவினார். பிறகு செல்வமுருகனைப் பார்த்து, புதுப் பல் வருகிற வரைக்கும் வலமாய்ச் சுத்து தம்பி, அது உன்னைத் தள்ளாது என்றார். அவனும் அதைத்தான் நினைத்திருந்தான். கவுஞ்சி சிரிக்கும். சிரிக்கட்டும். காளியாயி வயலில்தான் முதல் சுற்று.

"பாயம்மா, மிச்சம்..." என்று தொடங்கினான்.

பதுருன்னிசா வலது கையை நெஞ்சில் வைத்தார்.

"பதினெட்டாயிரத்து எழுநூத்தம்பது. மனசு பொருந்தி விட்டுட்டேன். இந்த உலகத்துலயும் கேக்க மாட்டேன், மறுமையிலயும் கேக்க மாட்டேன்."